ஆண்டிவைரஸ் பரீட்சையும் சர்ட்டிபிகேட் பக்தியும்

(காரியாபட்டியில் கடைக்காரர்கள், அச்சகத்தார், இ-சேவை மையம் நடத்துவோர், மாணவர்கள் முதலியோர் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



காரியாபட்டிக்கு நாம் வருவது இது முதல் தடவையல்ல. ஆனால் இன்று பேசச் சொல்லியிருக்கும் விஷயம் முதல் தடவையானதுதான். கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸைத் தடுப்பதற்கென்று பல கம்பெனிகள் சாஃப்ட்வேர் விற்கின்றன. அவற்றை வெளியார் சிலர் பரீட்சை செய்து மார்க் போடுகிறார்கள். அந்த மார்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பதாக இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தோழர் பஸ்ஸில் வரும்போதே நம்மைக் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுவதும், நம்பி ஏமாந்த பிறகு இனி உலகத்தில் எதையுமே நம்புவதில்லை என்று சபதம் செய்வதும் ஒரே மனிதனுக்கு ஒரே வாரத்தில் வருகிற இரண்டு வியாதிகள். ஜோசியன் திண்ணையில் வந்தாலும் கம்ப்யூட்டர் கடையில் வந்தாலும் வியாதி வியாதிதான்.

இந்தப் பேச்சு எழுந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்த வட்டாரத்தில் ஒரு சிறு பட்டாசு ஆலை. பெயர் வேண்டாம். ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். டாலி கணக்கு, வடநாட்டு வியாபாரிகளின் ஆர்டர், வாங்கிய அட்வான்ஸ், வேலை செய்யும் பெண்களுக்கு வாராவாரம் கொடுக்கவேண்டிய கூலிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். தீபாவளிக்குச் சில வாரம் இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்குப்பிள்ளை வந்து பெட்டியைத் திறந்தால், ஒரு பைலும் திறக்கவில்லை. பைல்களின் பெயரெல்லாம் மாறிக் கிடக்கிறது. 'பணம் அனுப்பு, திறந்துவிடுகிறோம்' என்று ஒரு சீட்டு மட்டும் திறக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஆண்டிவைரஸ் இருந்தது. ஓசியில் வந்ததுமல்ல, காசு கொடுத்து வாங்கியது. அதன் அட்டைமேல் 'சுதந்திரப் பரீட்சையில் முதல் இடம்' என்று வட்டமாக முத்திரை குத்தியிருந்தது.

இதைக் கேட்டவுடன் ஊரில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. "பரீட்சையாவது ஒன்றாவது! கம்பெனிக்காரன் காசு கொடுக்கிறான், இவன் மார்க் போடுகிறான். எல்லாம் பித்தலாட்டம்" என்பது ஒரு கட்சி. "முதல் மார்க் வாங்கியது தவறவே தவறாது. கணக்குப்பிள்ளை ஏதாவது ஆபாசப் படத்தை அமுக்கியிருப்பான்" என்பது இன்னொரு கட்சி. பாவம், அந்தக் கணக்குப்பிள்ளை பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நின்றதுதான் மிச்சம். அவர் எதையும் அமுக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு கட்சியாரையும் நாம் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பரீட்சையில் என்ன கேள்வி கேட்டார்கள்?" இருவருக்கும் தெரியவில்லை. கேள்வித்தாளைப் பார்க்காமலே ஒருவர் மார்க்கைக் கும்பிடுகிறார், மற்றவர் மார்க்கைத் திட்டுகிறார்.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாலில் தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துப்போய்க் கருவி கூடுதலாக அமிழும், குட்டு வெளிப்படும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். கருவி மேலே எழும்பும். கெட்டிக்காரன் என்ன செய்வான்? ஆடையையும் எடுப்பான், அளவு பார்த்துத் தண்ணீரையும் ஊற்றுவான். கருவி பழைய கோட்டிலேயே நிற்கும்! லாக்டோமீட்டர் பொய் சொல்லிற்றா? இல்லவே இல்லை. 'இதன் அடர்த்தி என்ன' என்று நாம் கேட்டோம், அது உள்ளபடி சொல்லிற்று. 'இது நல்ல பாலா' என்று கேட்டதாக நாமாக நினைத்துக்கொண்டோம். அதனால்தான் கொழுப்பைத் தனியாகப் பார்க்கும் சோதனை வேண்டியதாயிற்று. லாக்டோமீட்டரை உடைத்துப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நிற்க. இந்த ஆண்டிவைரஸ் பரீட்சைக்காரர்கள் யார்? ஜெர்மனியில் மக்டெபர்க் என்னும் ஊரில் ஏவி-டெஸ்ட் என்று ஒரு நிலையம். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் என்னும் ஊரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று ஒன்று. இங்கிலாந்தில் வைரஸ் புல்லட்டின் என்று ஒரு பத்திரிகை 1989ல் தொடங்கி, 1998 முதல் விபி100 என்ற பெயரில் பரீட்சை நடத்தி வருகிறது. இவர்கள் செய்யும் வேலை சாமான்யமானதல்ல. ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனிச் சாஃப்ட்வேரைப் போட்டு, விஷம் இருக்கிற இணைய முகவரிகளுக்கு வேண்டுமென்றே அவற்றை அனுப்பி, எது பிடித்தது, எது கோட்டை விட்டது என்று பார்க்கிறார்கள். நல்ல சாஃப்ட்வேர்களையும் போட்டுப் பார்த்து, எது வீணாகக் கூச்சல் போட்டது என்று எண்ணுகிறார்கள். பெட்டி எவ்வளவு மந்தமாகிறது என்பதையும் அளக்கிறார்கள். ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, வீண் கூச்சல் போடாமைக்கு 6, ஆக 18 மார்க். இதை நீங்களோ நாமோ வீட்டில் செய்ய முடியாது.

சில கடைகளில் 68 எழுத்துக்கொண்ட ஒரு சிறு பைலைப் போட்டுக் காட்டி, "பாருங்கள், உடனே பிடித்துவிட்டது!" என்று வித்தை காட்டுவார்கள். ஐகார் பைல் என்று அதற்குப் பெயர். அது ஒரு தீங்கும் செய்யாத பைல். ஆண்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஏற்பாடு செய்து, எல்லாக் கம்பெனிகளும் அதைப் பிடிக்கும்படி ஒப்புக்கொண்டு வைத்திருப்பது. அதைப் பிடித்ததற்காக மெச்சுவது, கூர்க்கா விசில் ஊதியதற்காகத் திருடனைப் பிடித்த மெடல் கொடுப்பது போன்றது.

இனி, காசு சங்கதி. பரீட்சைக்கு வரும் கம்பெனிகள் நிலையங்களுக்குக் கட்டணம் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். நிலையங்களும் அதை மறைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு 'ஆகவே எல்லாம் பொய்' என்று தாண்டுவது நியாயமா? பத்தாம் வகுப்புப் பிள்ளையும்தான் பரீட்சைப் பீஸ் கட்டுகிறான். பீஸ் கட்டியவனெல்லாம் பாஸாகிவிடுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறக்கக்கூடாது. பிள்ளை கோபித்துக்கொண்டால் போர்டு மூடிப்போகாது. ஏழெட்டுப் பெரிய கம்பெனிகள் கோபித்துக்கொண்டால் நிலையம் மூடிப்போகும். அமெரிக்காவில் என்.எஸ்.எஸ். லேப்ஸ் என்று ஒரு சோதனை நிலையம் இருந்தது. 2017ல் கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி அதன்மேல் வழக்குப் போட்டது. 2018ல் அந்த நிலையம் கிரவுட்ஸ்டிரைக், சைமன்டெக், ஈசெட் ஆகிய கம்பெனிகளின் மேலும், பரீட்சை முறைக்கென்று 2008ல் ஏற்பட்ட அம்ட்சோ என்ற சங்கத்தின் மேலும், கூட்டுச் சேர்ந்துகொண்டு தன்னை ஒதுக்குகிறார்கள் என்று பதில் வழக்குப் போட்டது. 2020ல் நிலையமே மூடப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. பரீட்சை செய்கிறவருக்கும் வயிறு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் போடும் மார்க்கைப் படியுங்கள் என்பதற்காகவே சொன்னோம்.

இதைவிட முக்கியமான கதை 2015ல் நடந்தது. சீனாவில் சிஹூ 360 என்று ஒரு பெரிய கம்பெனி. மேலே சொன்ன மூன்று நிலையங்களிலும் அதற்கு நல்ல மார்க். அவ்வாண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் மூன்று நிலையங்களும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. விஷயம் என்னவென்றால், அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேருக்குள் பிட்டிஃபெண்டர் என்ற வேறு கம்பெனியின் எஞ்சின் ஒன்றும், தன் சொந்த எஞ்சின் ஒன்றும் இருந்தன. பரீட்சைக்கு அனுப்பிய பிரதியில் இரவல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்களுக்குக் கொடுத்த பிரதியிலோ இரவல் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொந்த எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். பாதுகாப்பும் குறைவு, வீண் கூச்சலும் அதிகம். அந்த ஆண்டு கொடுத்த சர்ட்டிபிகேட் அத்தனையையும் மூன்று நிலையங்களும் ரத்து செய்தன. அடுத்த மாதமே டென்சென்ட் என்ற இன்னொரு சீனக் கம்பெனியின் சாஃப்ட்வேரில், வேகப் பரீட்சையில் மார்க் வாங்குவதற்கென்றே செய்த ஏற்பாடு இருப்பதைக் கண்டு அதன் சர்ட்டிபிகேட்டையும் எடுத்துவிட்டார்கள்.

'சீனாக்காரன் அப்படித்தான்' என்று சிலர் சிரிக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அதே 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் மோட்டார்க் கம்பெனி பிடிபட்டது. புகைப் பரீட்சை நடக்கும் நேரத்தைத் தானே தெரிந்துகொண்டு அப்போது மட்டும் யோக்கியமாக நடக்கிற சாஃப்ட்வேரை ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 2018ல் சுப்ரீம் கோர்ட்டு பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம் என்றது. நாக்பூரிலுள்ள நீரி நிலையம் சூத்திரம் கொடுத்தது, பெட்டிமேல் கியூ.ஆர். கோடு வந்தது. 2021ல் சி.பி.ஐ. சில ஆலைகளில் மாதிரி எடுத்துப் பார்த்துக் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையிலே, தடுக்கப்பட்ட பேரியம் உப்பு சிலவற்றில் இருந்ததாகவும், பெட்டிமேல் எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை என்றும் கண்டிருந்தது. எல்லா ஆலைகளும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. பரீட்சைக்குப் போகும் சரக்கும் சந்தைக்குப் போகும் சரக்கும் ஒன்றுதானா என்ற கேள்வி ஜாதி, தேசம் பார்த்து வருவதில்லை என்கிறோம்.

ஆனால் தோழர்களே, 'எல்லாம் பித்தலாட்டம்' கட்சியார் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சிஹூவின் தந்திரத்தை வெளிப்படுத்தியது யார்? அவர்கள் திட்டுகிற அதே பரீட்சை நிலையங்கள்தான். காசு கொடுத்த கம்பெனியின் சர்ட்டிபிகேட்டை அவர்களே கிழித்தார்கள். வோக்ஸ்வாகனைக் காட்டிக்கொடுத்ததும், வண்டியை ரோட்டில் ஓட்டிப் புகையை அளந்து பார்த்த வெளியார் சோதனையே. பரீட்சையின் குற்றம் இன்னொரு பரீட்சையாலேதான் தெரிந்ததே தவிர, அசரீரியால் தெரியவில்லை.

வெளியார் யாரும் வேண்டாம், பொறுப்புள்ளவர்கள் தாமே சொல்வது போதும் என்கிற மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அவர்களுக்கு நாம் கூடங்குளத்தைக் காட்டுகிறோம். 2019 அக்டோபர் 29ந் தேதி, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் வெளியுலகத் தொடர்பில்லாதவை, அவற்றின்மேல் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்தார் அறிக்கை விட்டார்கள். மறுநாளே அணுமின் கழகத்தார், நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4ந் தேதியே செர்ட்-இன் என்ற மத்திய அரசு நிலையம் அதைத் தெரிவித்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள். கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி முதல் நாள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஜனங்கள் கேட்ட கேள்வி வேறு, அவர்கள் பதில் சொன்ன கேள்வி வேறு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மார்க்கை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஒரு பரீட்சையில் 400 விஷங்களை அனுப்பிப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாஃப்ட்வேர் 2ஐ விட்டுவிட்டது, 99.5. இன்னொன்று 4ஐ விட்டுவிட்டது, 99.0. உடனே விளம்பரக்காரன் முன்னதை 'முதல் இடம்' என்றும் பின்னதை 'ஏழாம் இடம்' என்றும் கொட்டை எழுத்தில் போடுகிறான். வித்தியாசம் 400ல் இரண்டே இரண்டு! அடுத்த மாதம் வேறு 400ஐ அனுப்பினால் தலைகீழாகலாம். ஒரு மழையை வைத்துக் கம்மாய் நிறையுமா என்று சொல்லுகிற கணக்குதான் இது. ஏவி-கம்பேரட்டிவ்ஸ்காரர்களே இதை உணர்ந்துதான், நெருங்கிய மார்க் வாங்கியவைகளை ஒரே கூட்டமாகச் சேர்த்து ஒரே தரம் கொடுக்கிறார்கள். பரீட்சை வைத்தவன் சொல்லாத 'முதல் இடத்தை' விற்கிறவன் சொல்லுகிறான். நாம் பரீட்சை வைத்தவனைத் திட்டுகிறோம்.

வீண் கூச்சலை யாரும் கவனிப்பதே இல்லை. அதுதான் நம் போன்ற சிறு தொழிற்காரர்களுக்குப் பெரிய ஆபத்து. ஒரு அச்சகத்தின் பெட்டியில் 40,000 பைல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று தவறாகப் பிடித்தாலே 40 நல்ல பைல் போச்சு. அதில் ஒன்று உங்கள் பில் போடும் சாஃப்ட்வேராக இருந்தால் அன்று கடையை மூட வேண்டியதுதான். 2010 ஏப்ரல் 21ந் தேதி மெக்காஃபி கம்பெனி அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு பைலையே வைரஸ் என்று பிடித்து ஒதுக்க, பல தேசங்களில் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19ந் தேதி கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான அப்டேட் ஒன்றால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்து, ஏரோப்ளேன்கள் நின்றன. காவல்காரனே வீட்டுக்காரனை அடித்துப்போட்ட கதை. எனவே மார்க் பட்டியலைப் பார்க்கிறவர்கள் பிடித்த கணக்கைப் பார்த்த கண்ணாலேயே வீண் கூச்சல் கணக்கையும் பார்க்கவேண்டும்.

'ஒருவர் சொன்னால் நம்பமாட்டேன். நாற்பது பேர் சொன்னால் நம்புவேன்' என்று ஒரு மாணவத் தோழர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு பைலை ஒரே நேரத்தில் பல கம்பெனிகளின் ஆண்டிவைரஸுக்குக் காட்டும் வைரஸ்டோட்டல் என்ற இடத்தை மனதில் வைத்துக் கேட்கிறார் போலும். 2010ல் காஸ்பர்ஸ்கி கம்பெனியார் ஒரு வேடிக்கை செய்தார்கள். தீங்கற்ற 20 பைல்களைச் செய்து, அதில் 10ஐ மட்டும் வைரஸ் என்று வேண்டுமென்றே தங்கள் பட்டியலில் சேர்த்து, அந்த இடத்தில் போட்டார்கள். பத்து நாளைக்குள் மற்றும் 14 கம்பெனிகள் வரை அவற்றை வைரஸ் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன! பதினான்கு வாய், ஆனால் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. ஊர் வதந்தியும் இப்படித்தான் வளருகிறது. நாற்பது பேர் சொன்னால், நாற்பது பேரும் தனித்தனியே பார்த்தார்களா, ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பித்தார்களா என்று கேளுங்கள், தம்பி.

மார்க்கைப் பற்றிப் பரீட்சைக்காரருக்கும் எழுதினவருக்கும் நடந்த வழக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். 2012 கடைசியில் நடந்த பரீட்சையில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் இலவச ஆண்டிவைரஸுக்கு ஏவி-டெஸ்ட் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டார் 2013 ஜனவரியில் பதில் எழுதினார்கள்: நீங்கள் அனுப்பி நாங்கள் விட்டுவிட்ட விஷங்களால் பாதிக்கப்பட்டது எங்கள் வாடிக்கைக்காரர்களில் 0.0033 சதவீதம்தான், ஜனங்களுக்கு உண்மையில் வருகிற வியாதியை வைத்துப் பரீட்சை நடத்துங்கள் என்றார்கள். இதில் நியாயம் இல்லாமலில்லை. காரியாபட்டி ஆஸ்பத்திரியை, ஆப்பிரிக்கக் காட்டுக் காய்ச்சலுக்கு மருந்து வைத்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடலாமா? ஆனால் அந்த 0.0033ஐ எண்ணியது யார்? பரீட்சையில் தவறினவரேதான். தன் கண்ணுக்குத் தெரியாத வியாதியைத் தன் கணக்கில் எப்படி எழுதுவார்? நம் அபிப்பிராயம், வெளியார் பரீட்சையும் வேண்டும், அதில் அதிகம் பரவும் விஷத்துக்கு அதிக மார்க்கும் வேண்டும் என்பதே. அது எப்படியோ போகட்டும். 2019 மே-ஜூன் பரீட்சையில் அதே கம்பெனியின் டிஃபெண்டர் அதே ஏவி-டெஸ்ட்டில் 18க்கு 18 வாங்கிற்று. பரீட்சையைக் குறை சொன்னவரும் வீட்டில் போய்ப் படித்துத்தான் இருக்கவேண்டும்!

இனி, அந்தப் பட்டாசு ஆலைக்கு வருவோம். விவரம் தெரிந்த ஒரு தோழர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். வெளியூரிலிருக்கும் ஆடிட்டர் தன் இடத்திலிருந்தே டாலியைப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப் என்ற வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குப் பாஸ்வேர்டு ஆலையின் பெயரும் 123ம். திருடன் ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாசல் வழியாகச் சாவி போட்டுத் திறந்து, எஜமானைப்போல் உள்ளே வந்து, முதல் வேலையாக ஆண்டிவைரஸை நிறுத்தினான். செட்டிங்கை மாற்ற முடியாதபடி அதற்கும் ஒரு பாஸ்வேர்டு போடும் வசதி அதிலேயே இருந்தது, யாரும் போடவில்லை. பிறகு தன் விஷத்தை ஓடவிட்டான். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் இருந்ததே என்றால், அதையும் இரவும் பகலும் அதே பெட்டியில் செருகியே வைத்திருந்தார்கள். அதுவும் பூட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு அது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரி 14லேயே நிறுத்தியாயிற்று. அட்டைமேல் இருந்த முத்திரையில் பொடி எழுத்தில் ஒரு வருஷம் போட்டிருந்தது. அது வாங்கியதற்கு நாலு வருஷத்துக்கு முந்தினது.

மக்டெபர்க்கிலும் இன்ஸ்ப்ரூக்கிலும் பரீட்சை வைத்தவர்கள், 'கெட்ட முகவரிக்குப் போனால் இந்த நாய் குரைக்குமா' என்று கேட்டார்கள். 'சாவியோடு வருகிறவன் நாயைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்' என்று கேட்கவில்லை. அது அவர்கள் குற்றமா? அந்த முத்திரையை வாங்கி மாட்டிவிட்டோம், இனி வாசலைப் பூட்ட வேண்டாம் என்று ஆலையார் நினைத்ததுதான் குற்றம். சர்ட்டிபிகேட்டினால் வரும் நஷ்டத்தில் பெரியது இதுவே. பொய் மார்க்கினால் கெட்டவர்களைவிட, உண்மை மார்க்கைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டு கெட்டவர்கள் அதிகம்.

அப்படியானால் எந்த ஆண்டிவைரஸ்தான் வாங்குவது என்று முன்வரிசையில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அம்மையார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாமும் ஒரு முத்திரை ஆகிவிடுவோம். ஒரு மாதப் பரீட்சையைப் பார்க்காமல், இரண்டு நிலையங்களில் ஒன்றிரண்டு வருஷப் பரீட்சைகளைச் சேர்த்துப் பாருங்கள், அம்மா. அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடிக்கடி கீழே கிடப்பதைத் தள்ளிவிடுங்கள். அதற்குப் பரீட்சை போதும், அதில் அதை நம்பலாம். மேலே நெருக்கமாக நிற்கிற ஏழெட்டில் எது முதல், எது மூன்றாவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பரீட்சை போதாது. அந்த ஏழெட்டில் உங்கள் பெட்டியை மந்தமாக்காதது, வீணாகக் கத்தாதது, உங்கள் கைக்கு அடக்கமான விலை எது என்று பார்த்து எதையாவது எடுங்கள். பரீட்சை நடந்தது உங்களுடைய விண்டோஸில்தானா, அதே சாஃப்ட்வேர்தானா, முத்திரை எந்த வருஷத்தது, குறிப்பிட்ட கம்பெனி காசு கொடுத்துத் தனியாக நடத்தச் சொன்ன பரீட்சையா என்று பாருங்கள். சென்னையில் 1991ல் தொடங்கிய கே7 இருக்கிறது, பூனாவின் குயிக் ஹீல் இருக்கிறது. அவையும் இந்த நிலையங்களில் பரீட்சை எழுதியவைதான். நம் ஊர்ச் சரக்கு என்பதற்காக ஒரு மார்க் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும் என்று தோன்றினால் அதுவும் பாவமல்ல. மிச்சமாகும் காசுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, மாற்றி மாற்றிப் பேக்கப் எடுத்து, எடுத்தவுடன் பிடுங்கி பீரோவில் வையுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், அதற்குச் சாதாரணமாக வரும் இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ந் தேதியோடு நின்றுவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

அந்த ஆலைக்காரர் திருடனுக்குப் பணம் அனுப்பவில்லை. ஆர்டர் கணக்கை வியாபாரிகளிடம் போன் செய்து கேட்டு ஒருவாறு திரட்டிக்கொண்டார். அவர்கள் சொன்ன அட்வான்ஸ் தொகையெல்லாம் உண்மைதானா என்பது அவரவர் மனச்சாட்சிக்கு வெளிச்சம். கூலிக் கணக்குதான் அவரைத் திகைக்க வைத்தது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள். யார் எத்தனை குரோஸ் உருட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருந்தார்கள் என்பது பெட்டியோடு பூட்டிக்கொண்டது. அப்போது பெண்கள் தங்கள் வீட்டிலிருந்து சிட்டை நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் தேதிவாரியாக அவர்களே எழுதியும், எழுதத் தெரியாதவர்கள் மகளைக் கொண்டு எழுதியும் வைத்திருந்த கணக்கு. "இதெல்லாம் எதற்கு, கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே" என்று சென்ற வருஷம் ஆபீசில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்த பெண்களின் நோட்டுகளை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்தார் கணக்குப்பிள்ளை. இரண்டே இரண்டு இடத்தில் மாறுபட்டது. அவற்றில் ஒன்றில் அந்தப் பெண் தனக்கு வரவேண்டியதைக் குறைத்தே எழுதியிருந்தாள். அந்த வாரம் சனிக்கிழமை கூலி அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் பட்டுவாடா ஆயிற்று.